பலகாரத் தொழிலில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது: கோட்டையூர் தம்பிக்கு ஒரு பதில்

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மா இருபது வருடமாக வீட்டின் பின்பகுதியில், இரண்டாம் கட்டில், பலகாரம் போட்டு விற்கிறார். எட்டுப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அம்மாவுக்குத் துணையாக வந்திருக்கிறார். "இயந்திரம் வாங்கவா, ஆப் செய்யவா, ஆன்லைனில் விற்கவா? எதைச் சொன்னாலும் அம்மா வேண்டாம் என்கிறார். விற்பனை குறையவில்லை, ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, காரைக்குடிப் பக்கத்தில் இருபத்து மூன்று வருடமாக இதே அடுப்பில் நிற்கிறவள் நான். செய்து கெட்டதும் உண்டு, செய்து தேறியதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் கடைசி வரிதான் முக்கியமானது. விற்பனை நடக்கிறது, பணம் நிற்கவில்லை என்றால் அதற்கு இயந்திரம் மருந்து இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இயந்திரம் வாங்கினால் ஒழுகலும் வேகமாகும். அதனால் முதலில் தராசு, அப்புறம் நோட்டு, அப்புறம் போன். இயந்திரம் நாலாவதாக வரட்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுத்தான் இரண்டு வருடம் கஷ்டப்பட்டேன்.

நம் ஊரில் கணக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த செட்டியார்கள் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று எழுதி, அங்கே நடப்பதை இங்கே முதலாளி வீட்டில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி அனுப்பினார்கள். பெட்டியடியில் உட்கார வைத்த பையன் முதலில் கற்றுக்கொண்டது கணக்குதான். ஆனால் அதே வீடுகளின் பின்கட்டில் பலகாரம் போட்ட ஆச்சிமார்களிடம் இருந்தது கண்ணளவு. வீட்டுக்குச் செய்யும்போது அது போதும். விற்க ஆரம்பித்த பிறகு போதாது. உங்கள் அம்மாவின் தொழில் இந்த இடத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். பத்து வருடம் முன்பு என் தொழிலும் அங்கேதான் நின்றது.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பணம் போனது அதில்தான். ஒரு கிலோ தேன்குழலுக்கு 150 கிராம் எண்ணெய் பிடிக்கும் என்று நான் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். யார் சொன்னது என்று நினைவில்லை, யாரும் சரிபார்த்ததும் இல்லை. ஒருநாள் நிறுத்துப் பார்த்தோம். காலையில் சட்டிகளில் 14 கிலோ எண்ணெய் ஊற்றினோம், இடையில் 3 கிலோ சேர்த்தோம். மாலையில் ஆறவிட்டு வடிகட்டி நிறுத்தால் 10 கிலோ 900 கிராம். ஆக, போனது 6 கிலோ 100 கிராம். அன்று இறங்கிய தேன்குழல் 24 கிலோ. கிலோவுக்கு 254 கிராம் எண்ணெய்! நான் நினைத்ததற்கும் நடந்ததற்கும் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம். எண்ணெய் கிலோ 150 ரூபாய் விற்ற நேரம் அது. ஒரு கிலோ தேன்குழலில் பதினைந்து ரூபாய்க்கு மேல் நான் அறியாமலே கொடுத்துக்கொண்டிருந்தேன். கிலோவுக்கு நாற்பது ரூபாய் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்த இடத்தில் இருபத்தைந்துகூட நிற்கவில்லை. விலையை ஏற்றவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். விலை சரியாகத்தான் இருந்தது.

ஏன் இவ்வளவு எண்ணெய் குடித்தது? மாவை எண்ணெயில் விட்டதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிறது. அந்த ஆவி வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். சூடு குறைவாக இருந்தால் வேகும் நேரம் நீள்கிறது, பலகாரம் எண்ணெயில் ஊறுகிறது. ஆர்டர் அவசரத்தில் ஒரே ஈட்டில் நிறையப் பிழிந்து விட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். எங்கள் அடுப்பில் நடந்தது அதுதான். இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே இறங்குவது சட்டியில் கிடக்கும்போது அல்ல, வெளியே எடுத்து ஆறும்போதுதான். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை, ஆறுகிற பலகாரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாங்கள் எடுத்ததும் அப்படியே அகலத் தட்டில் குவித்துக்கொண்டிருந்தோம். இப்போது அரிகரண்டியில் சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறி, சாய்வாக வைத்த துளைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறோம். ஒரு ஈட்டுக்கு இத்தனைதான் என்று எண்ணி விடுகிறோம். 300 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கினோம். இரண்டு மாதத்தில் 254 கிராம் 210-க்கு வந்தது. இயந்திரம் எதுவும் வாங்காமலே.

அந்த வெப்பமானி வந்த நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் அடுப்படியில் மூத்தவர் ஒருவர் இருந்தார், நாற்பது வருடக் கை. துளி மாவைக் கிள்ளிப் போட்டு, அது எழும்பி வருகிற வேகத்தைப் பார்த்து "இப்போ போடு" என்பார். வெப்பமானியைப் பார்த்து முகம் சுளித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் "போடு" என்று சொல்லும்போதெல்லாம் அதில் என்ன காட்டுகிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். மூன்று நாள் எழுதியதில் 168, 172, 170, 173 என்றுதான் வந்தது. நாற்பது வருடக் கண் ஐந்து டிகிரிக்குள் நின்றது. அதை அவரிடம் படித்துக் காட்டியபோது, "அப்போ இந்தப் பெட்டி நான் சொல்றதைத்தான் சொல்லுது" என்றார். ஆமாம் ஆச்சி, நீங்க இல்லாத அன்னைக்கும் சொல்லும் என்றேன். அதன் பிறகு புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவரே வெப்பமானி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முன்பு அடுப்பில் நிற்க ஒருத்தி பழகுவதற்கு ஒரு வருடம் ஆகும். இப்போது ஒரு மாதத்தில் தேறிவிடுகிறார்கள்.

அவர் வேலையை விட்டு நின்றதற்கு முந்தைய ஆடியில் பத்து நாள் அவர் கையளவை எல்லாம் நிறுத்தோம். அவர் அள்ளிப் போடும் ஒரு பிடி உளுந்து மாவு, ஒரு கை வெண்ணெய், கண்ணால் பார்த்து ஊற்றும் தண்ணீர், எல்லாவற்றையும் போடுவதற்கு முன் தராசில் வைத்தோம். மணகோலத்துக்கும் சீப்புச்சீடைக்கும் மாவுருண்டைக்கும் அப்படித்தான் அளவு கிடைத்தது. சீடை உருட்டும் கையை மட்டும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறோம். எழுதி வைக்க முடியாத வேலை அது. உங்கள் அம்மாவின் கையில் இருப்பதை நீங்கள் முதலில் காப்பாற்ற வேண்டும். இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். பழைய ஒரு தீபாவளிக்கு முன்னால், ஆள் போதவில்லை என்று, முறுக்கு பிழிகிற இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினேன். விற்றவர் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது, அது அவர்கள் கொண்டுவந்த மாவு. எங்கள் மாவு இளக்கமானது, அதில் அது பிழியவில்லை, கெட்டியாகப் பிசைந்து தரச் சொன்னது. கெட்டியாகப் பிசைந்தோம். ஓடியது. ஆனால் இயந்திரம் அழுத்துகிற அழுத்தத்தில் தேன்குழல் நெருக்கமாகிவிட்டது, வாயில் வைத்தால் கரையவில்லை, கடிக்க வேண்டியிருந்தது. பள்ளத்தூரிலிருந்து வருடா வருடம் சீருக்கு வாங்குகிற ஒரு குடும்பம், "இது கடை முறுக்கு மாதிரி இருக்கே ஆச்சி" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வருடம் வரவில்லை. இயந்திரத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்தக் குடும்பம் திரும்ப வர மூன்று வருடம் ஆனது.

அந்த அடிக்குப் பிறகுதான் எனக்கு ஒரு பிரிவினை புரிந்தது. வாங்குகிறவர் எந்தக் கைக்காகப் பணம் கொடுக்கிறாரோ அந்தக் கையைத் தொடக்கூடாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வேலையைத் தாராளமாக இயந்திரத்திடம் கொடுக்கலாம். அரிசி கழுவுவது, இடிப்பது, சலிப்பது, பிசைவது, எண்ணெய் வடிப்பது, நிறுப்பது, கவரை ஒட்டுவது, மூட்டை தூக்குவது, இவற்றுக்காக யாரும் கூடுதல் விலை தருவதில்லை. ஆனால் எங்கள் பெண்களின் நாளில் பாதிக்கு மேல் இதில்தான் போனது. தோள் வலியும் முதுகு வலியும் வந்தது பிசைவதிலும் தூக்குவதிலும்தான், சீடை உருட்டுவதில் இல்லை. இப்போது எங்களிடம் மாவு அரைக்கும் இயந்திரம், பிசையும் இயந்திரம், பொரித்ததைச் சுழற்றி எண்ணெயை எடுக்கும் இயந்திரம், கவர் ஒட்டும் பேண்ட் சீலர் இருக்கின்றன. பிழிவதும் சுற்றுவதும் உருட்டுவதும் கைதான்.

இதிலும் ஒரே முடிவை எல்லாப் பலகாரத்துக்கும் எடுக்காதீர்கள். பிசையும் இயந்திரம் வந்தபோது கையால் பிசைந்ததில் மூன்று தட்டு, இயந்திரத்தில் பிசைந்ததில் மூன்று தட்டு வைத்து, தட்டின் அடியில் மட்டும் குங்குமப் பொட்டு வைத்து அடையாளம் செய்து, வேலை செய்கிற எல்லோரையும் சாப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். தேன்குழலில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைமுறுக்கில் நாலு பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள், சுற்றும்போதே மாவு விரலில் வேறு மாதிரி நிற்கிறது என்றார்கள். அதனால் கைமுறுக்கு மாவு இன்றும் கையில்தான். உங்கள் அம்மாவிடம் இயந்திரம் நல்லது என்று வாதாட வேண்டாம், தம்பி. இந்தத் தட்டுகளை வையுங்கள். அவர் நாக்கை விட நல்ல நீதிபதி உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அவர் வேண்டாம் என்றால் அந்த ஒன்றில் அது வேண்டாம்தான்.

வாங்கும் முன் கடன் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2020-ல் வந்த மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் சிறு உணவுத் தொழிலுக்கு இயந்திரம் வாங்க 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். இப்போது என்ன நிலவரம், வேறு என்ன திட்டம் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு இயந்திரம் வாங்காதீர்கள். மீதிப் பணமும் வட்டியும் உங்களுடையவை.

பார்சல் என்றால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். சிங்கப்பூருக்கு ஒரு சீமந்தத்துக்கு ஆறு கிலோ சீப்புச்சீடை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது தூள். அனுப்பிய கூரியர்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். பணம் போனது போகட்டும், அந்தப் பெண் போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நம் வீட்டு வழக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பழைய நாளில் சீர் போகும்போது தகர டின்னில் அடுக்கடுக்காக, இடைவெளி இல்லாமல் அடைத்துத்தான் அனுப்பினார்கள். ஆட இடம் இருந்தால்தானே உடையும். நான் பெரிய பெட்டியில் சின்னக் கவர்களைப் போட்டு, மேலே காற்றுக்கு இடம் விட்டிருந்தேன். இப்போது கால் கிலோவுக்குக் கெட்டியான டப்பா, டப்பாக்களுக்கு அளவான அட்டைப்பெட்டி, இண்டு இடுக்கில் கசக்கிய காகிதம். புது அட்டைப்பெட்டி வந்தால் ஒன்றை நிரப்பி இடுப்பு உயரத்திலிருந்து நாலு பக்கமும் மூலையும் தரையில் படும்படி போட்டுப் பார்ப்போம். திறந்தால் முழுசாக இருந்தால்தான் அந்தப் பெட்டி.

நம் தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. ஐப்பசி ஈரத்தில் மெல்லிய கவரில் இருக்கும் தேன்குழல் ஒரு வாரத்தில் நமத்துவிடும். ஈரம் ஒரு எதிரி, காற்றும் வெளிச்சமும் இன்னொரு எதிரி, அவைதான் சிக்கு வாடையைக் கொண்டுவருகின்றன. நல்ல தடிமனான, உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள கவரும் ஒழுங்கான ஒட்டலும் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது. பலகாரம் முழுதாக ஆறாமல் ஒட்டக்கூடாது, உள்ளே வேர்த்துவிடும். ஒரு சட்டி எண்ணெயை எவ்வளவு நாள் ஓட்டலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. எண்ணெயில் கழிவுப் பொருள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதில் பொரிக்கக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி கிடைக்கிறது. வாங்க முடியாவிட்டாலும் தினமும் வடிகட்டுவது, நிறமும் நுரையும் மாறினால் நிறுத்துவது, பழைய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டாமல் இருப்பது, இவை உங்கள் கையில் இருக்கின்றன. கழித்த எண்ணெயைத் தெருக்கடைக்கு விற்காதீர்கள், பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கவரில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண், சேர்மானம், எடை, விலை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், சைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் பார்சல் என்றவுடன் கையால் எழுதிய சீட்டை ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆப் செய்யவா என்று கேட்டீர்கள். வேண்டாம். உங்களுக்கு அது வரும் என்பதால் செய்யத் தோன்றும். முருங்கைக்காய் வாங்கப் போகும்போது தேன்குழல் ஞாபகம் வந்தால் உங்கள் அத்தை வாட்ஸ்அப்பில்தான் கேட்பார். அவரை ஒரு புது ஆப்புக்குள் கூட்டிப்போக முடியாது. வாட்ஸ்அப் பிசினஸ் போதும். அதில் பொருள் பட்டியல் படத்தோடு விலையோடு போடலாம், வரும் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு குறி ஒட்டலாம். எங்களிடம் நாலு குறி: "முன்பணம் பாக்கி", "அடுப்புக்குப் போகணும்", "கட்டியாச்சு", "அனுப்பியாச்சு". இது இல்லாத காலத்தில் என் போன், என் வீட்டுக்காரர் போன், மகள் போன் என்று மூன்று இடத்தில் ஆர்டர் வந்து, ஒரு கல்யாணத்துச் சீர்ப் பலகாரம் முழுவதும் மறந்துபோனது. பெண் வீட்டார் வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரே எண், அது வியாபாரத்தோடு மட்டும் சேர்ந்த எண். முன்பணம் வராத ஆர்டர் அடுப்புக்குப் போகாது. தினமும் இரவு "அடுப்புக்குப் போகணும்" குறியில் இருப்பதைத் திறந்து ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுவோம். காலையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தாள்தான், ஆனால் அது இல்லாமல் போன் பயனில்லை.

உங்கள் அம்மாவுக்குத் தட்டச்சு வராது என்று எழுதியிருந்தீர்கள். போனில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதி இருக்கிறது, மைக் படத்தைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். என் நாத்தனார் அறுபத்தெட்டு வயதில் இதில்தான் பதில் போடுகிறார். இப்போதைய ஏஐ கருவிகளையும் நான் பயன்படுத்துகிறேன், ஆங்கிலத்தில் வரும் கடிதத்துக்குப் பதில் எழுத, கவரில் உள்ளதை வேறு மொழிக்கு மாற்ற. ஆனால் அது எழுதிக் கொடுத்த விளம்பரத்தில் ஒருமுறை கருப்புக்கவுணி அரிசி சர்க்கரை வியாதியைக் குணமாக்கும் என்று இருந்தது. அப்படிப் போட்டால் அது பொய், சட்டப்படியும் தப்பு. படம் மட்டும் சொந்தமாக எடுங்கள். இல்லாத பலகாரத்தின் படத்தைக் காட்டி இருப்பதை விற்றால் ஒருதரம்தான் வாங்குவார்கள்.

பணம் வருகிற வழியில் இரண்டே விஷயம். யுபிஐ பணம் வீட்டுக் கணக்கில் விழக்கூடாது, தொழிலுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். உங்களுக்குக் கையில் பணம் நிற்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மளிகை, ஸ்கூல் பீஸ், எண்ணெய் டின் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து போனால் எது லாபம் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை எடுத்து வையுங்கள். இருபது வருடமாக அவர் உழைப்பு விலையில் ஏறவே இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், என் வீட்டிலும் ஏறவில்லை. இன்னொன்று, பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். வங்கிச் செய்தி வந்ததா அல்லது கடையில் வைத்த ஸ்பீக்கர் சொன்னதா, அதுதான் ரசீது.

வரியில் ஒரு இடத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஆன்லைன் என்று கிளம்புகிற எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கு விற்பனையாக ஒரு டப்பா அனுப்பினாலும், அது வேறு மாநிலம் என்பதால், பதிவு வேண்டும், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். 1.5 கோடி வரை உள்ளவர்களுக்கான காம்போசிஷன் முறையில் உற்பத்தியாளர் 1 சதவீதம் கட்டினால் போதும், கணக்கும் எளிது, ஆனால் அந்த முறையில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. முறுக்கு, மிக்சர் வகைகளைக் கவரில் அடைத்து லேபிள் போட்டு விற்றால் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது, அது நமக்குப் பெரிய ஆறுதல். வெளியூர்ப் பார்சல் உங்கள் வியாபாரத்தில் எவ்வளவு வரும் என்று முதலில் பார்த்து, அப்புறம் ஆடிட்டரிடம் உட்காருங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் சேர்வதைப் பிறகு பார்க்கலாம். கமிஷன், திரும்பி வரும் சரக்கு, உடைசல் மூன்றையும் கழித்துப் பார்த்தால் கிலோவுக்கு என்ன நிற்கிறது என்று எண்ணெய்க் கணக்கு முடிந்த பிறகுதான் உங்களால் சொல்ல முடியும்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் இடைத்தரகர். இதன் பலன் மானியத்தில் மட்டும் இல்லை. சென்னைக் கடைக்கோ ஓட்டலுக்கோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பணத்துக்கு அலைவீர்கள் அல்லவா? குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள் கொடுக்காவிட்டால், பணம் கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. உங்கள் பில்லில் உத்யம் எண் அச்சாகியிருந்தால் வாங்கினவரின் ஆடிட்டரே உங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லுவார். எனக்கு அப்படி ஒரு பழைய பாக்கி மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வந்து விழுந்தது.

கடைசியாக வேலைக்கு வருகிறவர்கள். நேர்மையாகச் சொன்னால் இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் இவர்களிடம்தான். முன்பு விடியற்காலை நாலு மணிக்கு வந்து இருட்டும்வரை இருப்பார்கள். அப்படி வர இன்று யாரும் தயாராக இல்லை, தயாராக இருக்க வேண்டியதும் இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வர முடிகிறது. ஆனால் அந்தப் பஸ் எட்டரைக்கு வந்து ஐந்தேகாலுக்குத் திரும்பும். நான் என் வேலை நேரத்தைப் பஸ்ஸுக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். மாவு அரைப்பதும் சலிப்பதும் முதல் நாள் மாலையிலேயே முடிந்துவிடும், இயந்திரம் இருப்பதால். காலையில் வந்ததும் அடுப்பு. மூன்றரை மணிக்கு அடுப்பு அணையும், அப்புறம் உட்கார்ந்து கட்டுகிற வேலை. ஒரே ஆள் நாள் முழுக்க அடுப்பில் நிற்பதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது, ஆனால் நான் போட்டது ஒருவர் மயங்கி விழுந்த பிறகு. அதை இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும். நேரம் குறைந்தது, இறங்கும் பலகாரம் குறையவில்லை, உடைசல் குறைந்தது. சோர்ந்த கைதான் உடைக்கிறது என்று நான் அப்போதுதான் கண்டேன்.

கூலியை முழுக்கக் கிலோக் கணக்கில் வைக்காதீர்கள். அப்படி வைத்த ஒரு வருடம் சீடை பெரிதாகிக்கொண்டே போனது. நாள் கூலி நிலையாக இருக்கட்டும், தீபாவளி மாதத்தில் மொத்த லாபத்தில் ஒரு பங்கை எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். எண்ணெய் எடையை எழுதும் பலகையையும் அவர்களே எழுதட்டும். எங்கள் பலகையில் 210 என்ற எண்ணை 204-க்குக் கொண்டுவந்தது நான் இல்லை, துளைத்தட்டை இன்னும் சாய்த்து வைக்கச் சொன்ன ஒரு பிள்ளை.

எப்போது ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். தீபாவளிக்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள், அம்மா வேண்டாம் என்று சொன்னது அந்த நேரத்திலாக இருந்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. கார்த்திகையில் ஆரம்பித்துப் பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்று வரிசையாக இருக்கும். அந்த மாதங்களில் எடை போட்டு எழுதுவது மட்டும் போதும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, அடுப்பில் கூட்டம் இல்லை. மாற்றம் செய்ய அந்த ஒரு மாதம்தான் நமக்குக் கிடைக்கிறது. ஒரு ஆடிக்கு ஒரே ஒரு மாற்றம். ஆவணிக் கல்யாணங்களில் அது தாங்குகிறதா என்று பார்த்துவிடலாம், தாங்காவிட்டால் ஐப்பசிக்கு முன் பழையபடி திரும்பவும் நேரம் இருக்கும்.

இப்போதைக்குத் தராசு வாங்குங்கள். 30 கிலோ வரை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு, தொழிலாளர் துறை முத்திரை உள்ளது, வருடா வருடம் முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். தட்டு அகலமாக இருக்கட்டும், எண்ணெய்ச் சட்டியை அப்படியே தூக்கி வைக்கிற அளவுக்கு. நான் முதலில் வாங்கியதில் சட்டி நிற்கவில்லை, எண்ணெயை மாற்றி மாற்றி ஊற்றியே ஒரு வாரம் போனது.